மீதேன் வாயுச் சட்டமும் எரிபொருள் விலையும்

நீர் தேங்கி நிற்கும் நன்செய் வயலில் காலை ஊன்றினால், சேற்றினின்றும் குமிழிகள் எழும்புவதைக் குடியானவர்கள் கண்டிருப்பர். அக்குமிழிகளில் மிகுதியாயுள்ளது மீதேன் என்னும் வாயு. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பில் எரிவதும், பூமியின் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியும் இதுவேயாம். எரித்தால் இது நல்ல எரிபொருள். எரியாமல் ஆகாயத்தில் கலந்தாலோ, 20 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தங்கச் செய்கிறது.

ஆகவே எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களில் இவ்வாயு வீணே கசிவதைத் தடுக்க ஐரோப்பிய யூனியன் 2024ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. கிணறுகளையும் குழாய்களையும் தவணைப்படி சோதித்துக் கசிவை அடைத்தல் வேண்டும். ஆபத்துக் காலத்தில் தவிர, வாயுவை வெளியே விடுதலும் வீணாகக் கொளுத்துதலும் கூடாது என்பன அதன் முக்கிய விதிகள்.

இவ்வளவில் ஆட்சேபிக்க இடமில்லை. வாய்க்கால் கரையில் நண்டுவளை வழியே ஒழுகும் நீர் எவனுடைய பயிருக்கும் உதவாது. வளையை அடைப்பவனுக்கே லாபம். எரிவாயுவும் அப்படியே. கசிவது விற்பனைச் சரக்காதலால், அடைக்கும் செலவில் ஒரு பகுதியையேனும் மீந்த வாயுவின் விலை ஈடு செய்துவிடும்.

சங்கடம் இறக்குமதியிலேதான் உள்ளது. ஐரோப்பிய யூனியன் தனக்கு வேண்டிய எரிவாயுவில் மிகப் பெரும்பகுதியைப் பிற தேசங்களிலிருந்து வாங்குகிறது. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் யுத்தம் மூண்டு, ருஷியாவிலிருந்து குழாய் வழி வந்த வாயு பெரிதும் குறைந்தபோது, விலை முன் காணாதவாறு ஏறிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பல்களில் வந்த குளிர்த்திரவ எரிவாயுவே அப்போது பெரிதும் கைகொடுத்தது. 2024ஆம் ஆண்டுச் சட்டமோ, 2027ஆம் ஆண்டு முதல் இறக்குமதிச் சரக்குக்கும் ஐரோப்பாவிலுள்ளதற்கு நிகரான கசிவுக் கணக்குக் காட்ட வேண்டுமென்றும், 2030ஆம் ஆண்டு முதல் புதிய ஒப்பந்தங்களில் கசிவு ஓர் அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டுமென்றும் விதித்தது.

அமெரிக்காவில் பல்லாயிரம் கிணறுகளின் வாயு ஒரே குழாய்த் தொடரில் கலந்து துறைமுகம் சேர்கிறது. பல கிராமத்து நெல் ஒரே ஆலையில் அரைபட்டு மூட்டையான பின், இந்த அரிசி எவர் வயலில் விளைந்ததென்று கேட்டால் ஆலைக்காரர் என்ன சொல்லக்கூடும்? கணக்குக் காட்ட இயலாத கம்பெனி தன் கப்பலை வேறு தேசத்துக்குத் திருப்பிவிடும். ஐரோப்பா அதற்கு ஈடாக அதிக விலை கொடுத்து வேறு சரக்குத் தேடின், அவ்விலையேற்றம் ஐரோப்பாவோடு நின்றுவிடாது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் எரிவாயுவுக்கு டெண்டர் கேட்டபோது, ஒருவரும் கொடுக்க முன்வரவில்லை.

நம் நாட்டு மிராசுதாரர்களுக்கும் இதில் சம்பந்தமுண்டு. யூரியா உரம் செய்ய எரிவாயுவே மூலப்பொருள். இந்தியத் தொழிற்சாலைகள் அதில் பெரும்பங்கை இறக்குமதி செய்கின்றன. மூட்டை விலையைச் சர்க்கார் நிர்ணயித்திருப்பதால் விலையேற்றம் குடியானவர் கண்ணுக்குப் படுவதில்லை. எனினும் 2022-23இல் உர மானியச் செலவு சுமார் 2½ லட்சம் கோடி ரூபாய்க்கு ஏறிற்று.

இதற்காகச் சட்டத்தையே கைவிடுதல் தகாது. முதலில் கணக்கு, பின்னரே கசிவுக்கு வரம்பு என்னும் முறை நியாயமானதே. ஆயின் ஆண்டு வரவில் 20 சதவீதத்தைத் தொடக்கூடிய அபராதத்தைக் கணக்கெடுக்கும் முறை நிலைபெறுமுன் பிரயோகிப்பது அவசரமாகும். பெருங்கசிவுகளை இப்போது வானத்திலுள்ள செயற்கைக் கோள்களே காட்டிக் கொடுக்கின்றன. அவற்றை முதலில் அடைக்கச் செய்து, கலந்த சரக்குக்குச் சராசரிக் கணக்கைச் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டால், வாயுவும் மிஞ்சும், கப்பல்களும் திரும்பிப் போகா.