கோடை விடுமுறையும் ஆசிரியர் கல்வியும்

கோடை விடுமுறை மாணவர்க்கு ஓய்வுக் காலம். ஆசிரியர்க்கோ கற்கும் காலம். அக்காலத்து ஆசிரியர் கற்பன இருவகைப்படும். வரும் ஆண்டிற் கற்பிக்கவேண்டிய பாடநூல்களை முன்னரே ஆழ்ந்து படித்தல் ஒன்று. பாடத்திட்டத்துள் அடங்காத நூல்களைக் கற்றுப் புலமையைப் பெருக்குதல் மற்றொன்று. முன்னது மாணவர்க்காக, பின்னது தமக்காக எனப் பிரித்துரைப்பார் உளர். அப்பிரிவு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சேலத்தவர் ஒருவரோடு தொடர்புடைய நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். 1880 பிப்ரவரியில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் முறையாகக் கற்றவர் அவர். அன்றைய கல்லூரிப் பாடத்திற்கு அக்கல்வி போதுமானதே. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் கண்டார். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக் கூறியும் முதலியார் வியந்திலர். அவற்றினும் பழைய சிந்தாமணி, மணிமேகலை முதலியவற்றைக் கற்றதுண்டோ என்று வினவினார். இல்லை என்பதே விடையாயிற்று.

முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியைப் படிக்கத் தொடங்கியபின், தம் புலமையின் எல்லை ஐயர்க்குப் புலனாயிற்று. சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தன என்பதும் தெரியவில்லை. அறியாமையை மறைத்தல் கல்லூரி ஆசிரியர்க்கு எளிது. ஐயர் அதனைச் செய்திலர். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று மாணவராய் அமர்ந்து கேட்டார். விடுமுறை நாட்கள் ஏடு தேடும் பயணங்களுக்கு உரியவாயின. 1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. தமக்கெனத் தொடங்கிய கல்வி, பின்வந்த மாணவர் அனைவர்க்கும் பாடநூல்களை வழங்கியது. ஆகலின் மேற்கூறிய பிரிவு பொருந்தாது என்பது தெளிவு.

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆசிரியர்க்கு இவ்வுண்மை மேலும் பயன்படும். வகுப்பில் ஓரியைப் பற்றிய புறப்பாட்டு ஒன்றே பாடமாக இருக்கலாம். கோடையில் வன்பரணர் பாடிய 152, 153-ஆம் புறப்பாட்டுகளையும், கொல்லிப் பாவையைச் சுட்டும் நற்றிணை, குறுந்தொகைச் செய்யுட்களையும் ஒருங்கு வைத்துக் கற்பாராயின், கொல்லிமலை அவர்க்கு வெறும் பெயராக நில்லாது. நாமக்கல் குடைவரைக் கோயில் கல்வெட்டு அதியர் மரபினனாகிய குணசீலனையும், அதியேந்திர விஷ்ணு கிருகம் என்னும் பெயரையும் குறிக்கின்றது. ஔவையார் பாடிய அதியமான் பாட்டுகளைக் கற்றபின் அக்குடைவரையைக் காணும் ஆசிரியர், சங்க காலக் குடிப்பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருந்ததை மாணவர்க்கு நேரே காட்டவியலும். பாட்டிற்கும் கல்லிற்கும் இடையே உள்ள காலத்தொலைவை மறந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடாமையும் வேண்டும். அவ்வெச்சரிக்கையைத் தருவதும் பரந்த கல்வியே.

விடைத்தாள் திருத்தமும் வீட்டுக் கடமைகளும் விடுமுறையைப் பெரிதும் விழுங்கிவிடுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. எனவே நூல் பலவற்றை மேலோடு பார்த்தலினும், ஒரு கோடைக்கு ஒரு நூலை உரையுடன் முற்றக் கற்று, விளங்காத இடங்களைக் குறித்து வைத்து, அறிந்தாரை வினவுதலே செயற்பாலது. முதலியார் எழுப்பியது ஒரு வினாவே. அத்தகைய வினாவை ஒவ்வொரு கோடையிலும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் ஆசிரியரிடமே மாணவர் புதியன கற்பர் என்பது எம் துணிபு.