ராட்டினத்தடியில் விஞ்ஞானப் பாடம்

மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் பௌதிகவியல் அளவுகள் எடுக்க வைப்பது வெளிநாடுகளில் பல காலமாக நடக்கிற காரியம். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து லிசெபெர்க் பூங்காவில், பேராசிரியை ஆன்-மரீ பென்ட்ரில் ராட்டினங்களையே பாடமாக்கி மாணவர்களை அளக்க வைத்தவர். நம்ம பாடசாலைகளும் வருசத்துக்கு ஒருமுறை சுற்றுலா போகின்றன. போகிற இடத்தில் பூங்கா இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம்.

"ராட்டினம் சுத்தவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஒருநாள் பேர்க் காசு பஸ்ஸுக்கே போய்விடும், அதற்கு மேலே ஏறுகிற டிக்கெட் வேறு. அதனாலேயே சில பிள்ளைகள் லயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பெற்றோரே, இதில் முக்கால்வாசி வேலை தரையில் நின்றே செய்வது. ஏறக் காசில்லை, ஏறப் பயம் என்று எந்தப் பிள்ளையையும் விட்டுப்போகத் தேவையே இல்லை.

உயரம் அளப்பதைப் பாருங்கள். பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ரோவை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் சின்ன நட் ஒன்றைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஸ்ட்ரோ வழியாக ரோலர் கோஸ்டரின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நடக்க வேண்டும். பார்வை 45 பாகை சாய்வுக்கு வரும் இடத்தில் நின்று, உச்சிக்கு நேர்கீழே உள்ள இடம் வரை தூரத்தை அளந்து, கண் உயரத்தையும் கூட்டினால் அதுதான் உயரம். அளக்கிற நிலம் மட்டமாக இருக்கணும், மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் விடணும்.

அடுத்தது வேகம். வண்டித்தொடர் 12 மீற்றர் நீளம் என்று வைப்போம். பள்ளத்தில் ஒரு தூணை அதன் தலை தொடும்போது கடிகாரத்தைத் தட்டி, வால் தாண்டும்போது நிறுத்த வேண்டும். 0.7 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 17 மீற்றர் அளவு. 20 மீற்றர் இறக்கத்துக்குக் கணக்குப்படி வர வேண்டியது 20. குறைந்தது எங்கே போச்சு? உராய்வும் காற்றும் எடுத்துக்கொண்டன. ஆனால் விரல் 0.1 செக்கன் முந்தினாலோ பிந்தினாலோ விடை 20 ஆகவோ 15 ஆகவோ மாறிவிடும். அதனால்தான் மூன்று பிள்ளைகள் சேர்ந்து, ஐந்தாறு முறை எடுத்து சராசரி பார்க்கிறது.

சங்கிலி ஊஞ்சல் ராட்டினம் நமக்கு ரொம்பப் பிடித்தது. பாரமான ஆள் இருக்கிற ஊஞ்சல் கூடச் சரியுமா, வெறும் ஊஞ்சலா என்று முதலில் ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். ஒரே வரிசையில் இருப்பவை ஏறக்குறைய ஒரே பாகையில்தான் சரிந்து நிற்கும், பாரம் அதை மாற்றாது. புத்தகத்தில் படித்து நம்பாதவனும் இதைப் பார்த்தால் நம்புவான்.

ஏறுகிறவர்களுக்கும் வேலை உண்டு. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைபொக்ஸ் என்ற இலவசச் செயலி, கைப்பேசியில் ஆர்முடுகலைப் பதியும். சும்மா வைத்திருக்கையில் 9.8 காட்டும். தடையில்லாமல் விழுகையில் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். வயிறு காலியாகிற மாதிரி தோன்றுவது அந்த நேரத்தில்தான். கைப்பேசியைக் கையில் பிடிக்கவே கூடாது. சிப் போட்ட பையில் இட்டு, நெஞ்சோடு இறுக்கிக் கட்டணும். மேலேயிருந்து விழுகிற கைப்பேசி கீழே நிற்பவரின் மண்டையை உடைக்கும். பூங்காக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடணும்.

ஆசிரியர்மாருக்கும் ஒரு வார்த்தை. நால்வர் நால்வராகப் பிரித்தால் கடிகாரம் பையன் கையிலும், எழுதுகிற வேலை பெண்பிள்ளைக்கும் என்று தானாகவே போய்விடும். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வேலையை மாற்றிக் கொடுங்கள். அளவு அட்டவணையைப் பாடசாலையிலேயே கோடு போட்டுக்கொண்டு போகணும், முற்றத்து ஊஞ்சலில் ஒரு தடவை பழகியும் பார்க்கணும். தப்பாகத் தோன்றும் எண்ணை அழிக்க விடாமல், ஒரு கோடு மட்டும் கிழித்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து வகுப்பில் கணக்குப் பார்க்கையில் சில நேரம் அந்த எண்தான் சரியாக இருக்கும்.