சிறுநீரகக் கொடையாளரிடம் எஞ்சும் சிறுநீரகம்

உயிருடன் இருப்பவர் ஒரு சிறுநீரகத்தைக் கொடையளித்த பின், மற்றது பருத்துக் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்வது ஈடுசெய் வளர்ச்சி எனப்படும். இந்தியாவில் உறவினர் அளித்த சிறுநீரகத்தைப் பொருத்தும் அறுவை சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றிகரமாக நடந்தது.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இழந்தவை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவற்றுக்குள் இரத்த ஓட்டம் கூடுகிறது. ஒவ்வொன்றும் முன்னைவிட அதிகமாக வடிகட்டுகிறது. கொடைக்கு முன் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டராக இருந்த வடிகட்டும் அளவு, அறுவை முடிந்ததும் 50 ஆகக் குறைந்து, பின்னர் 65 முதல் 70 வரை ஏறி நிற்கும். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நிகழ்ந்துவிடும். வயதானவர்களிடம் இது குறைவு.

ஆகவே கொடையாளரின் கிரியாட்டினின் பழைய அளவுக்குத் திரும்பாது. பரிசோதனைத் தாளில் வடிகட்டும் அளவு 60க்குக் கீழ் இருப்பதைக் கண்டு வீட்டார் பதறுவதுண்டு. அந்த எண் ஆண்டுதோறும் நிலையாக நிற்கிறதா, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கொடையாளர்கள் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, வாழ்நாளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பை 10,000 பேருக்கு 90 என மதிப்பிட்டது. கொடையளிக்காத, அதே அளவு ஆரோக்கியமானவர்களிடம் அது 14. பொதுமக்களைவிடக் கொடையாளருக்கு ஆபத்து குறைவு என்று சொல்வதுண்டு. கொடையாளர் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால் அது நேர்மையான ஒப்பீடு அன்று. 2015இல் வெளியான கனடா ஆய்வில், கொடைக்குப் பிந்தைய கர்ப்பங்களில் 11 விழுக்காட்டில் இரத்த அழுத்தச் சிக்கல் காணப்பட்டது, மற்றவர்களிடம் 5. நம் நாட்டில் கொடையளிப்போரில் பெரும்பாலோர் மனைவியும் தாயுமாக இருப்பதால் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வறுமையில் நிலைமை வேறு. கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சென்னையில் விசாரித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருந்தது.

பொருத்திக்கொண்டவர் மாத்திரைக்காகவாவது மருத்துவமனைக்கு வருவார், கொடுத்தவர் வருவதில்லை. இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நெல்லை வட்டாரத்தினர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும். கோடையில் உடலில் நீர் வற்றியிருக்கும்போது இன்னும் கேடு.