கால் மிதித்தால்தான் கை நகரும்!

பூட்டு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வாசல் கதவுப் பூட்டு, பீரோ பூட்டு, சைக்கிள் பூட்டு... இவையெல்லாம் திருடனுக்காகப் போட்டவை. ஆனால், வண்டி ஓட்டுபவர் அவசரத்தில் தவறு செய்துவிடக் கூடாதே என்பதற்காகவும் ஒரு பூட்டு இருக்கிறது, தெரியுமா? ஆட்டோமேட்டிக் கார்களில், கியர் லீவருக்கு அடியில் அது ஒளிந்திருக்கிறது. 'ஷிப்ட் இன்டர்லாக்' என்பது அதன் பெயர்.

முதலில் ஆட்டோமேட்டிக் கார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சாதாரணக் காரில் ஓட்டுநரின் காலடியில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என மூன்று மிதிகள் இருக்கும். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் கிடையாது, இரண்டே மிதிகள்தான். வேகத்துக்கு ஏற்றபடி கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். ஓட்டுநர் லீவரைச் சரியான எழுத்துக்கு நேராக வைத்தால் போதும்.

'பி' என்றால் பார்க். வண்டியை நிறுத்தி வைக்க. 'ஆர்' என்றால் ரிவர்ஸ், பின்னால் செல்ல. 'என்' என்றால் நியூட்ரல். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இருக்காது. 'டி' என்றால் டிரைவ், முன்னால் செல்ல.

லீவரை 'பி'யில் வைத்ததும், கியர் பெட்டிக்குள் ஓர் இரும்புக் கொக்கி பல் சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவில் போய் விழும். அப்புறம் அந்தச் சக்கரம் சுழலாது, காரும் நகராது. எஞ்சின் ஓடும்போது லீவரை 'ஆர்' அல்லது 'டி'க்கு மாற்றினால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்கள் மெல்ல ஊர்ந்து புறப்பட்டுவிடும். ஆபத்து ஆரம்பிப்பது இங்கேதான்!

அமெரிக்காவில் நடந்த பரபரப்பு

1980களில் அமெரிக்காவில் 'ஆடி 5000' என்ற ஜெர்மானியக் காரைப் பற்றி நிறையப் புகார்கள் வந்தன. "லீவரை 'பி'யிலிருந்து எடுத்ததும் கார் தானாகவே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை" என்றார்கள் பலர். விபத்துகள் நடந்தன, உயிர்கள் போயின. 1986 நவம்பரில் '60 மினிட்ஸ்' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியதும் நாடே பயந்துபோனது. 1985இல் அங்கே சுமார் 74 ஆயிரம் கார்களை விற்ற அந்த நிறுவனம், 1991இல் சுமார் 12 ஆயிரம் கார்களைத்தான் விற்க முடிந்தது.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை பல நிறுவனங்களின் கார்களை ஆராய்ந்து, 1989இல் அறிக்கை வெளியிட்டது. முடிவு என்ன தெரியுமா? பெரும்பாலான விபத்துகளில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தார்கள்! கார் பாய்ந்ததும் பதறிப்போய், 'பிரேக் பிடிக்கவில்லையே' என்று அதே மிதியை இன்னும் பலமாக அழுத்தியிருக்கிறார்கள்.

இவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினார்கள். ஓட்டும்போது யாரும் குனிந்து மிதியைப் பார்ப்பதில்லை அல்லவா? மிதிகள் அமைந்திருந்த விதமும் சிலரைத் தடுமாறச் செய்திருக்கலாம் என்று அறிக்கை கூறியது.

'கவனமாக இருங்கள்' என்று சொன்னால் மட்டும் இந்தத் தவறு நிற்குமா? நிற்காது. மனிதர் தவறினாலும் இயந்திரம் தடுக்க வேண்டும். அதற்கு வந்ததுதான் இந்தப் பூட்டு. 1987இல் ஆடி நிறுவனம் சுமார் இரண்டரை லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, அவற்றில் இதைப் பொருத்த ஏற்பாடு செய்தது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ஓர் இரும்பு ஆணியில் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்தால் ஆணி காந்தமாகும் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த மின்காந்தம்தான் இங்கும் வேலை செய்கிறது.

லீவர் 'பி'யில் இருக்கும்போது, சிறிய தாழ்ப்பாள் போன்ற ஒரு பின் அதை நகரவிடாமல் பிடித்திருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் அங்குள்ள சுவிட்ச் இயங்கும். காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிவதும் இதே சுவிட்சால்தான். உடனே மின்காந்தத்துக்கு மின்சாரம் பாயும். அது பின்னை இழுத்துக்கொள்ளும். 'கிளிக்' என்று ஒரு சத்தம்! இப்போது லீவர் நகரும்.

பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தால்? பின் அசையாது. லீவரும் அசையாது. 'அட, கால் தவறான இடத்தில் இருக்கிறதே!' என்று அவருக்குப் புரிந்துவிடும்.

சில நேரம் பின்பக்கச் சிவப்பு விளக்கும் எரியாது, லீவரும் நகராது. அந்தச் சுவிட்சோ அதன் ஃபியூஸோ பழுதாகியிருக்கலாம் என்று மெக்கானிக் சட்டென்று ஊகித்துவிடுவார். பேட்டரி தீர்ந்துபோனால் பூட்டைக் கையால் திறக்க, பல கார்களில் லீவருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு துளை இருக்கும். லீவருக்குப் பதில் பொத்தானோ திருகுக் குமிழோ உள்ள புதிய கார்களில், இந்தக் காவலைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

உங்களுக்காகவும் ஒரு சட்டம்

இந்தப் பூட்டு பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் காவல். நிறுத்திவைத்த காரில் விளையாடும் குழந்தை லீவரை இழுத்துவிட்டால், சரிவில் கார் உருண்டுவிடும். பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைப் பாதி திருப்பி வைத்திருந்தால், சில பழைய கார்களில் பிரேக்கை மிதிக்காமலேயே லீவர் நகர்ந்துவிடும். எனவே அமெரிக்காவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. கார் விபத்தில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதன்படி, 2010 செப்டம்பர் 1 முதல் அந்நாட்டில் விற்பதற்காகத் தயாராகும், 'பி' நிலை உள்ள ஆட்டோமேட்டிக் கார்களில், சாவி எந்த நிலையில் இருந்தாலும் பிரேக்கை மிதித்தால்தான் லீவர் 'பி'யை விட்டு வெளியே வர வேண்டும்.

பூட்டு இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கலாமா? கூடாது! பிரேக்கை எட்டி மிதிக்கும் அளவுக்கு உங்களுக்குக் கால் வளர்ந்திருந்தால், அந்தப் பூட்டு உங்களுக்கும் திறந்துவிடும். மிதிப்பது பெரியவரா சிறுவரா என்று அதற்குத் தெரியாது. லீவரை 'பி'யில் வைக்காமல் இறங்கிவிட்டாலும் அதனால் பயனில்லை. நம் ஊரில் ஓடும் ஏ.எம்.டி. வகைக் கார்கள் பலவற்றில் 'பி' என்ற நிலையே கிடையாது. அவற்றுக்குக் கை பிரேக்தான் காவல்.

ஆகவே, பெரியவர்கள் இல்லாதபோது ஓட்டுநர் இருக்கையில் ஏறி விளையாடாதீர்கள். தம்பி, தங்கைகளையும் ஏறவிடாதீர்கள். வீட்டிலோ உறவினரிடமோ ஆட்டோமேட்டிக் கார் இருந்தால், பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதிக்கும்போது பக்கத்து இருக்கையிலிருந்து காது கொடுத்துக் கேளுங்கள். 'கிளிக்' சத்தம் கேட்டால், அது என்ன சத்தம் என்று அவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நீங்கள் விளக்கிச் சொல்லுங்களேன்!