விளையாட்டு அட்டைகளுக்கான கைவினை மரப்பெட்டி

விளையாட்டு அட்டைப்பெட்டி என்பது, விளையாட்டு வீரர்களின் படமும் விவரங்களும் அச்சிடப்பட்ட சேகரிப்பு அட்டைகளை வளையாமலும் மங்காமலும் வைத்திருக்க உதவும் பெட்டி ஆகும். கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை காகித அட்டையாலும் நெகிழியாலும் ஆனவை. இவற்றுக்கு மாற்றாக, தச்சர்களும் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்பவர்களும் கையால் செய்யும் மரப்பெட்டிகள் உள்ளன. இந்தப் பழக்கம் பேஸ்பால் அட்டைச் சேகரிப்பு பரவியுள்ள அமெரிக்காவில் அதிகம் காணப்படுகிறது.

மரப்பெட்டி உறுதியானது, ஒளி புகவிடாதது, பல பத்தாண்டுகள் உழைப்பது. ஆனால் மரம் தன்னுள்ளிருந்து அமில ஆவியை வெளியிடக்கூடியது. எனவே, தவறான மரத்தால் செய்த அழகான பெட்டி, தான் காக்க வேண்டிய அட்டையையே மெல்லக் கெடுத்துவிடக்கூடும். மரத்தேர்வும் உட்புற அமைப்பும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிகரெட் உறை நசுங்காமல் இருக்க அதனுள் ஒரு கெட்டி அட்டை வைக்கப்பட்டது. அந்த அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குபவர் தொடர்ந்து அதே சிகரெட்டை வாங்குவார் என்று புகையிலை நிறுவனங்கள் கருதின. இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் வீரர்களின் 50 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை வெளிவந்த டி206 என்ற தொகுதி மிகவும் புகழ்பெற்றது. அதிலுள்ள ஹோனஸ் வாக்னர் அட்டை இன்று மிகச் சில பிரதிகளாகவே எஞ்சியுள்ளது. அதில் ஒரு பிரதி 2022இல் 72.5 இலட்சம் டாலருக்கு விற்பனையானது.

பின்னர் அட்டைகள் சூயிங்கம் உறைகளுக்கு மாறின. 1933இல் கௌடி நிறுவனமும், 1948 முதல் போமன் நிறுவனமும், 1950களில் டாப்ஸ் நிறுவனமும் இத்தொழிலில் முன்னணியில் இருந்தன. டாப்ஸ் 1956இல் போமனை வாங்கியது.

அக்காலத்தில் அட்டைகள் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்களே. அவர்கள் அவற்றைச் செருப்புப் பெட்டியிலும் காலியான சுருட்டுப் பெட்டியிலும் போட்டு வைத்தனர். ரப்பர் வளையத்தால் கட்டினர். மிதிவண்டிச் சக்கரத்தில் செருகி ஒலி எழுப்பினர். விற்காமல் கிடந்த 1952ஆம் ஆண்டு அட்டைகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் பிற்காலத்தில் கூறியுள்ளார். அதே 1952 தொகுதியின் 311ஆம் எண் அட்டை மிக்கி மான்ட்டில் என்ற வீரருடையது. நல்ல நிலையில் இருந்த அதன் ஒரு பிரதி, ஆகஸ்ட் 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர், பேஸ்பால் அட்டைகள் 30,000க்கும் மேல் அடங்கிய தம் பெரும் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அதை அவர் ஆல்பங்களில் ஒட்டி ஒழுங்குபடுத்தினார். ஒட்டினால் அட்டையின் பின்புறம் பாதிக்கப்படும் என்பதால், இன்று ஒட்டாமல் உறையிலிட்டுப் பெட்டியில் வைப்பதே வழக்கம்.

அட்டைகளின் அளவுகள்

பெட்டி செய்பவர் முதலில் அறிய வேண்டியது அட்டையின் அளவு. எல்லா அட்டைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை.

- டி206 (1909–1911): ஏறத்தாழ 37 × 67 மி.மீ.
- கௌடி (1933): ஏறத்தாழ 60 × 73 மி.மீ.
- டாப்ஸ் (1952): ஏறத்தாழ 67 × 95 மி.மீ.
- டாப்ஸ் 1957இல் கொண்டுவந்து, இன்று பொது அளவாக உள்ளது: 64 × 89 மி.மீ. (2.5 × 3.5 அங்குலம்)

அட்டையின் தடிப்பு 'பாயின்ட்' என்ற அலகில் கூறப்படுகிறது. 1 பாயின்ட் என்பது 1 அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே 20 பாயின்ட் அட்டையின் தடிப்பு ஏறத்தாழ 0.5 மி.மீ. ஆகும். வீரரின் சட்டைத் துண்டு பதித்த சில அட்டைகள் 130 பாயின்ட் வரையும் அதற்கு மேலும் தடித்தவை.

தரச்சான்று நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, மதிப்பெண் இட்டு, கடினமான நெகிழி உறையில் மூடி அனுப்புகின்றன. இத்தகைய உறை ஏறத்தாழ 8 செ.மீ. அகலமும் 13.5 செ.மீ. உயரமும் கொண்டது. உறையில்லாத அட்டைக்குச் செய்த பெட்டியில் இது நுழையாது. ஆகவே எந்த வகை அட்டைக்குப் பெட்டி என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பழைய அட்டைகளின் ஓரத்தைச் சீவிவிடும் வழக்கமும் இருந்தது. ஓரம் சீவப்பட்ட அட்டையின் மதிப்பு பெரிதும் குறையும். புகழ்பெற்ற ஒரு வாக்னர் அட்டையின் ஓரத்தைத் தாம் சீவியதை, அதை விற்ற வணிகர் 2013இல் ஒப்புக்கொண்டது பெரும் செய்தியானது. அட்டைக்கு ஏற்பப் பெட்டியைச் செய்ய வேண்டுமேயன்றி, பெட்டிக்கு ஏற்ப அட்டையை வெட்டக்கூடாது.

அட்டை கெடும் விதம்

அட்டைகள் ஐந்து காரணங்களால் கெடுகின்றன.

1. ஒளி: புற ஊதாக் கதிர் மையை மங்கச் செய்யும், காகிதத்தைப் பழுப்பாக்கும்.
2. ஈரம்: காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளர வாய்ப்புண்டு. ஈரம் ஏறி இறங்கும்போது அட்டை வளையும்.
3. அமிலம்: காகிதத்தின் செல்லுலோஸ் இழைகளை அமிலம் துண்டாக்கும். அதனால் காகிதம் மஞ்சளாகி நொறுங்கும்.
4. அழுத்தம்: நெருக்கி அடைத்தால் மூலைகள் மழுங்கும். இடம் அதிகமானால் அட்டைகள் சாய்ந்து வில்போல வளையும்.
5. பூச்சி: கரையான், வெள்ளிப்பூச்சி, கரப்பான் ஆகியவை காகிதத்தை அரிக்கும்.

2012இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிஃபையன்ஸ் என்ற ஊரில், ஒரு பழைய வீட்டின் பரணில் ஏறத்தாழ 700 அட்டைகள் கிடைத்தன. அவை 1910ஆம் ஆண்டையொட்டி அச்சிடப்பட்டவை. சாதாரண அட்டைப்பெட்டியில், நூலால் கட்டப்பட்டு இருந்தபோதும், பல அட்டைகள் புதியவைபோலவே இருந்தன. இருட்டில், யாரும் தொடாமல், அடுக்கு கலையாமல் அவை நூறு ஆண்டுகள் இருந்திருந்தன. பெட்டியின் விலையைவிட அட்டை இருக்கும் சூழலே முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

மரமும் அமில ஆவியும்

மரத்தில் செல்லுலோஸ், அரைச்செல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றும் முதன்மையானவை. அரைச்செல்லுலோஸில் அசெட்டைல் தொகுதிகள் இணைந்துள்ளன. ஈரத்தில் இவை மெல்லப் பிரிந்து அசெட்டிக் அமிலமாக மாறுகின்றன. இது வினிகரில் உள்ள அதே அமிலம். மூடிய பெட்டியில் இந்த ஆவி வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

அருங்காட்சியகங்கள் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. ஓக் மர அலமாரிகளில் வைத்த ஈயப் பொருள்கள் வெண்பொடியாக அரிக்கப்பட்டன. சிப்பிகளின் மேல் வெண்படிவு தோன்றியது. காட்சிப்பெட்டிக்கான பொருள்களைச் சோதிக்க, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஒடி 1973இல் ஒரு முறையை அறிமுகம் செய்தார். சோதிக்க வேண்டிய பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளுடன் ஈரமான மூடிய குப்பியில் 60 பாகை செல்சியசில் 28 நாள் வைத்து, உலோகம் மாறுகிறதா என்று பார்ப்பதே ஒடி சோதனை. நீல நிறத்திலிருந்து பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி அமிலத்தைக் காட்டும் தாள் பட்டைகளும் இன்று கிடைக்கின்றன.

மர வகைகள்

- ஓக்: உறுதியானது, வரியழகு மிக்கது. ஆனால் அமில ஆவி அதிகம். அட்டைப் பெட்டிக்கு ஏற்றதன்று.
- செடார்: பூச்சியை விரட்டும் மணமுடையது என்பதால் துணிப்பெட்டிகளுக்குப் பயன்படுகிறது. அந்த மணத்துக்குக் காரணமான எண்ணெய் ஆவி, மெருகுப்பூச்சுகளை இளக்கிப் பிசுபிசுக்கச் செய்யும். சுருட்டுப் பெட்டிக்குப் பயன்படும் 'ஸ்பானிஷ் செடார்' உண்மையில் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம்; அதிலும் பிசினும் மணமும் உண்டு.
- மகோகனி: அமில ஆவி ஒப்பளவில் குறைவு, எளிதில் வளையாது. பெரிய இலை மகோகனியின் பன்னாட்டு வணிகம் 2003 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.
- வால்நட்: கரும்பழுப்பு நிறம். இழைக்க எளிது. கைவினைஞர்கள் பெரிதும் விரும்புவது.
- மேப்பிள்: வெளிர் நிறம், கடினமானது. பேஸ்பால் மட்டைகளும் இம்மரத்தில் செய்யப்படுகின்றன.
- ஒட்டுப்பலகை: பசையில் யூரியா–ஃபார்மால்டிகைடு இருந்தால் அந்த ஆவியும் வெளிவரும்.

எந்த மரமும் முற்றிலும் அமிலமற்றது அன்று. மேற்கண்ட வேறுபாடு அளவைப் பற்றியதே.

செய்முறை

பொது அளவில் மெல்லிய உறையிட்ட 200 அட்டைகளுக்கான பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உறையின் அளவு ஏறத்தாழ 67 × 92 மி.மீ. எனவே உள் அகலம் 70 மி.மீ., உள் உயரம் 96 மி.மீ. தேவை. உறையோடு ஓர் அட்டையின் தடிப்பு 0.6 மி.மீ. எனில், 200 அட்டைகளுக்கு 120 மி.மீ. ஆகும். புரட்டிப் பார்க்க 20 மி.மீ. சேர்த்தால் உள் நீளம் 140 மி.மீ. உள்விரிப்பு ஒட்டுவதாக இருந்தால் அதன் தடிப்பையும் இவற்றோடு கூட்ட வேண்டும். இந்த அளவுக்கு 10 மி.மீ. தடிப்புள்ள பலகை போதுமானது.

1. நன்கு உலர்ந்த பலகையை இழைப்புளியால் சமன் செய்து, மூலைமட்டம் வைத்து அறுக்க வேண்டும்.
2. மூலைகளைப் பொருத்த வேண்டும். விரல்கள் கோத்ததுபோல் அமையும் விரல் பொருத்து எளியது. புறாவின் வால்போல் விரிந்த வடிவில் வெட்டும் புறாவால் பொருத்து கடினமானது. ஆனால் ஆணியின்றியே இழுவிசையைத் தாங்கும்.
3. பசையிடும் முன் ஒருமுறை பசையின்றிக் கோத்துப் பார்க்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சம நீளமாக இருந்தால் பெட்டி சதுரமாக உள்ளது என்று பொருள்.
4. அடிப்பலகையைச் சுவர்களில் வெட்டிய பள்ளத்தில் பசையின்றிச் செருக வேண்டும்.
5. மூடியைக் கீல் வைத்தோ பள்ளத்தில் நகரும்படியோ அமைக்கலாம். ஆணி, திருகு முனைகள் உள்ளே நீட்டக்கூடாது.
6. உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்புறத்தில் மட்டும் எண்ணெயோ அரக்கு மெருகோ பூச வேண்டும்.

அடிப்பலகையில் பசை கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மரம் வரியின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்குவாக்கில் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். 100 மி.மீ. அகலமுள்ள வால்நட் பலகையின் ஈரம் 4 விழுக்காடு மாறினால், அகலம் ஏறத்தாழ 1 மி.மீ. மாறும். பசையால் இறுக்கிய பலகை இதனால் பிளக்கும். நகரும் மூடிக்கும் இதே இடைவெளி விட வேண்டும். இல்லையேல் ஈரக் காலத்தில் மூடி சிக்கிக்கொள்ளும்.

உட்புறப் பாதுகாப்பு

உட்புறத்தில் ஆளி விதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சுகளைத் தவிர்க்க வேண்டும். அவை உலரும்போதே அமில ஆவியை வெளியிடுகின்றன. எந்தப் பூச்சானாலும், முழுதும் உலர மூன்று நான்கு வாரங்களாவது பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். சாதாரண வார்னிஷ் அமில ஆவியைக் குறைக்குமே தவிர முழுதும் தடுக்காது. அலுமினியத் தகடு கலந்த படலத்தை உள்ளே ஒட்டி, அதன்மேல் அமிலமற்ற அட்டையை விரிப்பது நம்பகமான முறை. சாயம் கசியும் வெல்வெட் துணி அழகாக இருப்பினும் ஏற்றதன்று.

அட்டைகளைப் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் இட வேண்டும். பி.வி.சி. உறைகளில் மென்மைக்காகச் சேர்க்கப்படும் பொருள் காலப்போக்கில் கசிந்து அட்டையில் ஒட்டும்.

பயன்படுத்தும் முறை

அட்டைகளை நிமிர்த்தி வைத்து, பெட்டி நிறையாதபோது ஒரு தடுப்புக் கட்டையால் சாயாமல் தாங்க வேண்டும். ரப்பர் வளையம் போடக்கூடாது. அது ஓரத்தை வெட்டும், இளகி ஒட்டிக்கொள்ளும். பெட்டியைப் பரணிலோ தரையிலோ வைக்காமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை திறந்து வைத்தால் தங்கிய ஆவி வெளியேறும்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஈரமே முதல் எதிரி. இங்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் வைத்து, அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டை போடக்கூடாது. அதன் ஆவி சில வகை நெகிழிகளை இளக்கிவிடும்.

மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும்

அமிலமற்ற காகித அட்டைப்பெட்டி, வேதியியல் நோக்கில், மரப்பெட்டியைவிடப் பாதுகாப்பானது, விலையும் குறைவு. மரப்பெட்டியின் மேன்மை அதன் உறுதியிலும் நீண்ட ஆயுளிலும் உள்ளது. ஈரத் தரையிலும் அட்டைப்பெட்டிபோல் அது ஊறிச் சரிந்துவிடாது. மேலே சுமை வைத்தாலும் நசுங்காது. வீட்டில் ஒரு பொருளுக்கெனச் செய்த பெட்டி இருந்தால், அதை யாரும் பழைய காகிதத்தோடு சேர்த்து எளிதில் எறிந்துவிடுவதில்லை என்பதும் ஒரு நன்மை. இன்று எஞ்சியிருக்கும் பழைய அட்டைகள் அரியவையாக இருப்பதற்கு, அவ்வாறு எறியப்பட்டவை மிகப் பல என்பதே முக்கியக் காரணம். ஆகவே சேகரிப்பாளர்கள் பலர், அமிலமற்ற சிறு அட்டைப்பெட்டியில் அட்டைகளை இட்டு, அதை மரப்பெட்டிக்குள் வைக்கும் இரட்டை முறையைப் பின்பற்றுகின்றனர். உள்ளிருக்கும் அட்டைகளின் பட்டியல் ஒன்றை மூடியின் உட்புற உறையில் வைத்தால், தேடும்போது எல்லாவற்றையும் தொட வேண்டியிராது.