மரம் போர்த்திய கப்பல்

1942 மார்ச் மாதம். 'ஆபிரகாம் கிரெய்ன்சன்' என்ற நெதர்லாந்துப் போர்க்கப்பல் ஜாவாவின் சுராபாயாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தப்ப வேண்டும். வானிலோ ஜப்பானிய விமானங்கள். மாலுமிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தீவுகளில் மரக்கிளைகளை வெட்டி வந்து கப்பலை மூடினார்கள். மூடாத இடங்களுக்குப் பாறைபோலச் சாயம் பூசினார்கள். செலவு அதிகமில்லை!

ஒரு பொருளை நம் கண் பெரும்பாலும் அதன் விளிம்பை வைத்தே அடையாளம் காண்கிறது. கப்பலின் நேர்க்கோடுகளைக் கிளைகள் உடைத்துவிட்டன. இலை நிழல்களும் உதவின. இப்படி மறைவதற்குப் பளபளக்கும் சாயம் ஆகாது. அது ஒளியை ஒரே திசையில் திருப்பி மின்னும். மங்கலான சாயம் ஒளியைச் சிதறடிக்கும்.

ஆனால், நகரும் தீவு உண்டா? லெம்பா பெர்த்தாமில் எதிர்மலைத் தேயிலைக்கு நடுவே பச்சை லாரி போனாலும் கண்டுபிடித்துவிடுவோமே, அது அசைவதால்தான். எனவே கப்பல் பகலில் கரையோரம் அசையாமல் நின்றது. இரவில் மட்டும் ஓடியது. மார்ச் 20-இல் ஜெரால்டன் சேர்ந்தது.

கப்பலால் முடியாத ஒன்றை நம் கேமரன் மலை இலைப்பூச்சி செய்கிறது. நடக்கும்போதும் அது காற்றிலாடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நடக்கும்.