தோலும் மலையும் – 9: மூன்று நாற்காலி காலி

ஆம்பூர் டேனரிகளுக்குள் குரோமியம் வருவதற்கு முன்பு ஆவாரம்பட்டைதான் ராஜா. பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய்க் கரைசலில் முக்கி எடுப்பார்கள். ஆவாரை தரையிலேயே வளரும். கடுக்காய்க்கு மலை ஏற வேண்டும். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) பொறுக்கிச் சேர்த்த காய், வனத்துறையிடம் குத்தகை எடுத்தவரின் மூட்டையாகக் கீழே இறங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பொறுக்கியவருக்குக் கூலி, குத்தகைக்காரருக்கு லாபம், அரசுக்கு வருவாய். மரம் யாருடையது என்ற கேள்விக்கு 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் பதில் வைத்திருந்தது. நான்காம் பிரிவில் அறிவிப்பு, பதினாறாம் பிரிவில் காப்புக்காடு.

அந்தப் பதிலைத் திருத்த 124 ஆண்டுகள் ஆயின. 2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அது அனுபவித்துவரும் நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை. கடுக்காய், தேன், புளி போன்ற சிறு வன மகசூலுக்கு உடைமை உரிமை. ஊரே சேர்ந்து தன் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமை. நம் பத்திரிகைகள் இதைப் பெரும்பாலும் 'பட்டா தரும் சட்டம்' என்றே எழுதிவந்திருக்கின்றன. பட்டா அதில் ஒரு பகுதிதான். யார் முடிவெடுப்பது என்பதை மாற்ற முயன்றதுதான் அதன் பெரிய காரியம்.

எப்படி மாற்றியது? முதல் படி கிராம சபை. அது பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு நிலத்தைச் சுற்றிப் பார்த்து, பெரியவர்களிடம் விசாரித்து, வரைபடம் போட்டு, சபை முன் வைக்கும். சபை தீர்மானம் போடும். அடுத்தது கோட்ட அளவிலான குழு, அதற்கு மேல் மாவட்ட அளவிலான குழு. மாவட்டக் குழு சொன்னால் அதுவே இறுதி.

இந்த மேல் குழுக்களின் கணக்குதான் ருசிகரமானது. இரண்டிலும் ஆறு ஆறு பேர். மாவட்டக் குழுவில் கலெக்டர் தலைவர், மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நலத்துறை அதிகாரி என அரசுத் தரப்பில் மூன்று பேர். எதிரே மாவட்ட ஊராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மூன்று பேர், அவர்களில் குறைந்தது இருவர் பழங்குடியினராக இருக்க வேண்டும். கோட்டக் குழுவிலும் இதே மூன்றுக்கு மூன்று. வெள்ளைக்காரன் காலத்தில் ரேஞ்சர் முன் கைகட்டி நின்றவரின் பேரன், டி.எஃப்.ஓ.வுக்கு எதிர் நாற்காலியில் உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது.

கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் ஹைடா மக்களிடமும் இப்படி ஒரு மூன்றுக்கு மூன்று உண்டு. 1985-இல் லைல் தீவில் மரம் வெட்டும் கம்பெனியின் பாதையை அவர்கள் மறித்தார்கள்; 72 பேர் கைதானார்கள். 1993-இல் கனடா அரசும் ஹைடா தேசத்தின் பேரவையும் 'க்வாய் ஹானாஸ்' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தத் தாளில் நான் ரசிப்பது ஒரு விஷயம். இந்த நிலம் எங்களுடையது என்று ஹைடாக்கள் ஒரு பக்கம் எழுதுகிறார்கள், அரசுடையது என்று கனடா இன்னொரு பக்கம் எழுதுகிறது, இரண்டையும் அடிக்காமல் அருகருகே விட்டுவிட்டு, காட்டை எப்படிச் சேர்ந்து நடத்துவது என்று பேசத் தொடங்குகிறார்கள். சொத்துத் தகராறு தீர்ந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் விடுவேன் என்று அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு நின்றால் பயிர் என்னாகும்? இன்று அந்த நிர்வாகக் குழுவில் தரப்புக்கு மூன்று பேர், தலைமையும் இரு தரப்புக்கும் பொது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2022-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு டால்டான் மக்களோடு செய்த ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. எஸ்கே க்ரீக் தங்கச் சுரங்கத் திட்டத்துக்கு அவர்களின் சம்மதம் தேவை என்றே எழுதிக்கொண்டார்கள்.

எண்ணிக்கை ஒன்றுதான், அடிப்படை வேறு. ஹைடா தரப்பின் ஆட்களை நியமிப்பது ஹைடா பேரவை. அந்தப் பேரவை இருக்க வேண்டுமா, எப்போது தேர்தல் நடத்த வேண்டும் என்பது ஒட்டாவா அரசின் கையில் இல்லை. நம் மாவட்டக் குழுவின் மக்கள் தரப்பு, மாநிலம் நடத்தும் உள்ளாட்சித் தேர்தலில் இருந்து வர வேண்டும். தேர்தல் நடக்கவில்லை என்றால்?

ஆம்பூரும் ஜவ்வாது மலையின் இந்தப் பக்கமும் அப்போது சேர்ந்திருந்த வேலூர் மாவட்டத்தில் அதுதான் நடந்தது; அதற்கு முன்பே நீதிமன்றத் தடை ஒன்றும் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த சூட்டிலேயே, ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2008 ஏப்ரலில் ஒரு கட்டுப்பாடு போட்டது. மனுக்களை வாங்கலாம், விசாரிக்கலாம், ஆனால் நீதிமன்றத்தைக் கேட்காமல் உரிமைப் பத்திரம் தரக் கூடாது. எட்டு ஆண்டு அப்படியே போயிற்று. வேறு மாநிலங்களில் பத்திரங்கள் லட்சக்கணக்கில் வழங்கப்பட்ட காலம் அது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் மேண்டா லேகா என்ற சின்ன ஊர் 2009-இல் சமூக வன உரிமை வாங்கி, 2011-இல் தன் மூங்கிலைத் தானே விற்கும் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தையும் மத்திய அமைச்சர் கையால் வாங்கியது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்க விவகாரத்தைக் கிராம சபைகளிடமே அனுப்ப, பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. ஜவ்வாது மலையில் மனு, மனுவாகவே இருந்தது.

2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. வேலை தொடங்க வேண்டிய நேரத்தில் சட்டமன்றத் தேர்தல், நடத்தை விதி. அது முடிந்து மூச்சுவிடுவதற்குள் அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் எழுப்பிய புகார்களில் முக்கியமானது, பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யவில்லை என்பது. நியாயமான புகார். ஆனால் விளைவைப் பாருங்கள்: பழங்குடி உறுப்பினர் குறைவாக இருக்கிறார் என்று தொடங்கிய வழக்கு, எந்த உறுப்பினரும் இல்லாத நிலையில் கொண்டுபோய் விட்டது.

2019 டிசம்பரில் மாநிலத்தின் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. வேலூர் அதில் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் வேலூரை மூன்றாகப் பிரித்து திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களை உருவாக்கியிருந்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. பிரிந்த மாவட்டங்களுக்கு வார்டு வரையறை முடியவில்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள். கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்குப்பதிவு. ஆக, ஐந்து ஆண்டு. புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்ற மூன்று மலை ஊராட்சிகளுக்கும், அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தைக்கும் அந்த ஐந்தாண்டும் தனி அலுவலர் ஆட்சி. ஊராட்சியின் பெயரில் கிராம சபையைக் கூட்டுவதும் ஒன்றிய அதிகாரிதான். மாவட்டக் குழுவில் அரசுத் தரப்பு மூன்று பேரும் இருந்தார்கள். எதிரே உட்காரத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள், மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒருவர் இல்லை.

இந்தக் காலத்தில் தமிழகத்தில் வன உரிமைப் பட்டா தரவில்லை என்று சொல்ல மாட்டேன். தந்தார்கள், விழா எடுத்தும் தந்தார்கள். வாங்கியவருக்கு அது பெரிய விஷயம், குறைத்துப் பேசக் கூடாது. பட்டாவை ஒரு தரப்பு கொடுத்துவிட முடியும். சேர்ந்து முடிவெடுப்பதை ஒரு தரப்பு மட்டும் செய்ய முடியாது.

மலையில் மக்கள் தரப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மாநிலம் ஊராட்சி என்ற ஒன்றை நினைப்பதற்கு வெகு காலம் முன்பே ஜவ்வாது மலை 'நாடு'களாகப் பிரிந்திருந்தது; ஊர்ப் பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் உட்காரும் கூட்டத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் மாவட்டக் குழுவின் மேசைக்கு அவர்களை அழைக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற பத்து மாநிலங்களில் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கே மரபான ஊர்ச் சபைக்குப் பெசா சட்டம் (ஊராட்சி முறையை அட்டவணைப் பகுதிகளுக்கு நீட்டிக்கும் சட்டம்) கொஞ்சமாவது இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நாட்டார் கூட்டம் ஆண்களின் கூட்டம். கடுக்காய் பொறுக்கும் பெண்ணுக்கு அங்கே குரல் இல்லை. கிராம சபையில் வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் வேண்டும் என்ற விதியை விட்டுக்கொடுத்து நாட்டாரைத் திருப்பிக் கொண்டுவா என்று நான் கேட்க மாட்டேன்.

காலி நாற்காலியால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்களுக்கு வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலையைக் காட்டலாம்; தேர்தல் நடந்த பிறகும் அந்த ஐந்தாண்டின் பாக்கி அங்கே தீரவில்லை. 2023 மே மாதம், அங்கே பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்தது. திரும்பும்போது சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் உடலைக் கையில் சுமந்து நடந்தார். நாடே பார்த்தது. சாலை ஏன் இல்லை என்றால் வனத்துறை அனுமதி என்று பதில் வந்தது. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்குக் கிராம சபை பரிந்துரைத்தால் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே நிலம் ஒதுக்கலாம். டெல்லி வரை கோப்பு போக வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக என்பது வரம்பு. மூன்றரை மீட்டர் அகலச் சாலைக்கு அது மூன்று கிலோமீட்டரைக்கூட எட்டாது, நீண்ட மலைச்சாலைக்குப் போதாதுதான். ஆனால் அந்தப் பரிந்துரையை எழுதி, அலுவலகத்துக்கு எடுத்துப்போய், ஏன் ஆகவில்லை என்று மறுபடி மறுபடி கேட்க ஊருக்கு ஒரு ஆள் வேண்டும். சபையைக் கூட்டும் பொறுப்பும் அதிகாரியிடமே இருந்தால், அரசு தனக்குத் தானே மனு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கீழே பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இந்த அளவு வாய்ப்புகூடக் கிடைத்ததில்லை. டேனரிக் கழிவு கிணற்றுக்குள் வந்தபிறகு அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதித் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம் வந்தது. 2025 ஜனவரியில்கூட அதே விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நிலம் கெட்டபிறகு எவ்வளவு என்று பேசும் உரிமை அது. மலைக்காரர்களுக்குச் சட்டம் தந்தது, முன்கூட்டியே வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும் முன் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. 2022-இல் வந்த புதிய வனப் பாதுகாப்பு விதிகள் அந்த வேலையை, மத்திய அனுமதிக்குப் பிறகு மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டன. அனுமதி கையில் வந்தபிறகு கேட்கப்படும் சம்மதத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜவ்வாது மலையின் இன்னொரு சரிவு, ஜமுனாமரத்தூர் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம். அங்கே 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்துவிட்டது. திருப்பத்தூர்ப் பக்கத்தில் தனி அலுவலர் இருந்தபோது அங்கே உறுப்பினர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்களின் பதவிக்காலம் முடிந்து, அங்கே தனி அலுவலர் வந்தார். இந்தப் பக்கத்துக்காரர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபர் வரை. ஒரே மலை, ஒரே சமூகம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள். ஒரு சரிவில் மூன்று நாற்காலியிலும் ஆள் இருந்தால் மறு சரிவில் மூன்றும் காலி. 2016 அக்டோபர் தொடங்கி, இரண்டு பக்கமும் சேர்ந்து நிரம்பியிருந்தது நடுவில் மூன்றேகால் ஆண்டுதான்.

அடுத்த வாரம்: சட்டம் கடுக்காயை மலைக்காரருக்கே சொந்தமாக்கிய பிறகும், அதற்கு விலை வைப்பது யார்? லாம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கத்தின் கதை.

(தொடரும்)